நைவாஷாப் பூவும் எங்கள் ஷிப்டும்

1

லண்டனில் லூயிஷாம் சிவன் கோவிலில் சென்ற மாதம் பூசை முடிந்து சாப்பாட்டு வரிசையில் நின்றபோது, தெரிந்த ஓர் அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். வன்னிப் பள்ளிக்கூடங்களுக்கு உதவி செய்கிற சங்கமொன்றில் முன்னுக்கு நிற்பவர். நல்ல மனிதர்.

"என்ன பிள்ளை, நீர் ஆபிரிக்காக்காரருக்கு அலுவல் பாக்கிறீராம்?"

"ஓம் அண்ணை."

"எங்கட சனத்துக்கே எவ்வளவு கரைச்சல் கிடக்கு. உமக்கேன் அந்த வேலை?"

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. சோற்றை வாங்கிக்கொண்டு அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போய்விட்டோம். என்னிடம் பதில் இருந்தது. ஆனால் அது சோற்றுக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு சொல்லி முடிக்கிற பதில் இல்லை. ஆகவே ஊரில் இருக்கிற உங்களுக்கு எழுதுகிறேன். கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் விடிய வெள்ளனச் சந்தியில் நின்று ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்குக் காத்திருக்கிற பிள்ளைகளுக்கு, இது அந்த அண்ணையை விடச் சுலபமாக விளங்கும் என்பது என் எண்ணம்.

என் பெயர் கௌரி. தெற்கு லண்டனில் 'மிச்சம்' என்ற இடத்தில் இருக்கிறோம். இவர், என் வீட்டுக்காரர், பார்சல் வான் ஓட்டுகிறார். மகள் அபிராமி படித்து முடித்து, ஒரு சூப்பர்மார்க்கெட் கொம்பனியின் தலைமை அலுவலகத்தில் சாமான் கொள்முதல் செய்யும் பகுதியில் வேலை எடுத்து, தனியே பிளாட்டுக்குப் போய்விட்டாள். ஞாயிறுகளில் வருவாள். நான் தமிழில் கேட்பேன், அவள் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் பதில் சொல்வாள். இரண்டு பேருக்கும் அது பழகிவிட்டது.

நான் பூக் கட்டுகிறேன். மாலை இல்லை. இங்கே சூப்பர்மார்க்கெட்டுகளின் வாசலில் வாளிகளில் பூங்கொத்து வைத்து விற்பார்கள். அந்தக் கொத்துகளைக் கட்டி, கண்ணாடித்தாள் சுற்றி, திகதி ஒட்டி அனுப்பும் தொழிற்சாலை எங்களுடையது. ட்ராமில் போய் இறங்கி, தொழிற்பேட்டைக்குள் கொஞ்சம் நடக்கவேண்டும். உள்ளே எப்போதும் குளிர். பூவுக்குக் குளிர் வேண்டும், எங்களுக்கு இரண்டு சுவெற்றர் வேண்டும்.

அந்த ரோசாக்கள் வருகிற பெட்டிகளில் கென்யா என்று எழுதியிருக்கும். நீண்ட காலம் அதை நான் ஓர் ஊரின் பெயராகப் பார்க்கவில்லை. பெட்டியின் பெயராகத்தான் பார்த்தேன்.

2

ஆரம்பத்தில் நான் ஏஜென்சி மூலம் வேலை செய்தவள். வேலை இருந்தால் போனுக்கு மெசேஜ் வரும். வராவிட்டால் இல்லை. ஒரு மாரியில் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தேன். எழும்பிப் பார்க்கும்போது மெசேஜே நின்றுபோயிருந்தது. என்னை வேலையை விட்டு நிற்பாட்டியதாக ஒருவரும் சொல்லவில்லை. கூப்பிடவில்லை, அவ்வளவுதான்.

பல கிழமை கழித்துத் திரும்பக் கூப்பிட்டபோதுதான் தொழிற்சங்கத்தில் சேர்ந்தேன். ஊரில் சங்கம் என்றால் எனக்கு ஊர்வலமும் ஒலிபெருக்கியும்தான் தெரியும். இங்கே அது கன்ரீன் மேசையில் தேத்தண்ணியோடு நடந்தது. கானா, போலந்து, தமிழ்நாடு, யாழ்ப்பாணம் எல்லாம் ஒரு மேசையில் இருந்து, சுகமில்லாத நாளுக்குச் சம்பளம் வேண்டும் என்று கேட்டோம். இழுபட்டு இழுபட்டுக் கடைசியில் கிடைத்தது. நானும் கொம்பனியின் நிரந்தர ஊழியரானேன். அதற்குப் பிறகு என்னைப் பிரதிநிதியாகத் தெரிவு செய்தார்கள். அந்தப் பதவிக்கு இங்கே 'ஷொப் ஸ்டூவர்ட்' என்று பெயர். போனில் ஊருக்குச் சொன்னேன். அம்மா அதை அயலெல்லாம் பரப்பிவிட்டா: "கௌரி லண்டனிலை ஷொப் போட்டிட்டாளாம்." இன்றைக்கும் சிலர் என் கடை எப்படிப் போகிறது என்று கேட்கிறார்கள். நன்றாகப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன்.

எங்கள் சங்கம் கென்யாவில் உள்ள ஒரு பூத்தோட்டத் தொழிலாளர் சங்கத்தோடு தொடர்பு வைத்திருந்தது. மாதமொரு தரம் வீடியோவில் கதைப்போம். அப்படித்தான் நைவாஷா என்ற ஏரிக்கரை ஊரில் ரோசா வெட்டித் தரம் பிரிக்கும் வம்புயி என்ற பெண்ணின் முகம் எனக்குப் பழக்கமானது. அவள் வெட்டுகிற பூ எங்கள் மேசைக்குத்தான் வருகிறது. அதைக் கண்டுபிடித்த நாளில் இரண்டு பேரும் திரையில் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். அவள் ஒரு பூவை எடுத்துக் கமெராவுக்குக் காட்டி, "இது உனக்கு, பார்த்துக் கட்டு," என்றாள். அவள் பேசியது ஆங்கிலம். நான் என் தமிழில் தருகிறேன்.

3

அவள் தோட்டத்தில் பிரச்சினை இதுதான். பெண்களைச் சில மாத ஒப்பந்தத்தில் எடுப்பார்கள். முடியும்போது புதுப்பிப்பார்கள், அல்லது புதுப்பிக்க மாட்டார்கள். நிரந்தரம் இல்லாதபடியால் அரசாங்கத்தின் மருத்துவக் காப்புறுதியிலும் ஓய்வூதிய நிதியிலும் பெயர் ஒழுங்காக ஏறுவதில்லை. பிரசவ லீவு சட்டத்தில் இருக்கிறது. ஆனால் வயிறு தெரிகிற நேரம் ஒப்பந்தம் முடிந்துவிடும். சட்டத்தை ஒருவரும் மீறவில்லை, பெண் மட்டும் வீட்டில் இருப்பாள்.

அந்தப் பூவை விற்கும் சூப்பர்மார்க்கெட்டின் தலைமை அலுவலகம் லண்டனில் இருக்கிறது. இது அபிராமி வேலை செய்வது அல்ல, வேறொன்று. அவர்களிடம் நேரே வந்து கதைக்க வேண்டும் என்று இரண்டு சங்கமும் சேர்ந்து முடிவெடுத்தன. வம்புயி வருவதென்றும், எங்கள் வீட்டில் தங்குவதென்றும் ஏற்பாடு.

முதல் வீசா விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. அவளுக்கு நிரந்தர வேலை இல்லையாம். அதனால் நாடு திரும்புவாள் என்று நம்ப இடமில்லையாம்.

அதை வாசித்துவிட்டு வம்புயி கடிதத்தைக் கமெராவுக்குக் காட்டினாள். பிறகு சொன்னாள்: "எனக்கு நிரந்தர வேலை இல்லை என்று சொல்லத்தான் நான் வரப்போகிறேன். அதைச் சொல்வதற்கு நிரந்தர வேலை வேண்டுமாம்."

வீசா அதிகாரிகளோடு எனக்கு முன்பே பழக்கம். அகதி விண்ணப்பக் காலத்தில், நான் சொல்லாத ஒன்றைச் சொன்னதாக மொழிபெயர்ப்பில் எழுதி, அதைத் திருத்துவதற்கே ஒரு வருடத்துக்கு மேல் போனது. ஆகவே மனம் விடவில்லை. சங்கத்தின் வழக்கறிஞர் திரும்ப விண்ணப்பித்தார், எங்கள் தொகுதி எம்.பி.யின் அலுவலகமும் கேட்டு எழுதியது. இரண்டாம் தரம் கிடைத்தது.

4

"பேர் என்ன எண்டனீர்?" என்று இவர் கேட்டார்.

"வம்புயி."

"இருக்கிற வம்பு காணாதெண்டு கென்யாவிலையிருந்தும் வரவழைக்கிறீரோ?"

ஆனால் விமான நிலையத்துக்கு வான் எடுத்துக்கொண்டு போனவரும் இவர்தான். திரும்பி வரும்போது இரண்டு பேரும் தங்கள் தங்கள் நாட்டுத் தெருக்களில் உள்ள குழிகளைப் பற்றிக் கதைத்தபடி வந்தார்கள்.

அவள் கொண்டுவந்த சோளமாவில் உகாலி என்ற களி கிண்டினாள். நான் கீரை வறை வைத்தேன். அவர்களும் கீரையை ஏறக்குறைய அப்படித்தான் வைக்கிறார்கள், தேங்காய்ப்பூ மட்டும் போடுவதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மேர்சியின் கதையைச் சொன்னாள்.

மேர்சி அவளோடு ஒரே மேசையில் பூத் தரம் பிரிப்பவள். பிள்ளை வயிற்றில் இருப்பதை மறைக்கத் துணியால் இறுக்கிக் கட்டிக்கொண்டு, மேலே பெரிய ஜக்கெட் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தாள். குளிரறையில் விழுந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் தப்பியது பெரும் புண்ணியம். ஒப்பந்தம் மட்டும் தப்பவில்லை.

எனக்கு அக்காவின் நினைவு வந்தது. எங்கள் மூத்த அக்கா குருநகர்ப் பக்கம் இறால் பொதி செய்யும் இடமொன்றில் வேலை செய்தவ. ஐஸ் தண்ணியில் நின்று கையும் காலும் வெளிறிப்போய் வீட்டுக்கு வருவா. வயிற்றில் பிள்ளை என்று தெரிந்ததும் அவவும் இப்படித்தான் சேலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டினா. ஒரு நாள் சுப்பவைசர், "நாளைக்கு வரத் தேவையில்லை பிள்ளை," என்று அன்பாகச் சொல்லி அனுப்பினான். நாங்களும் அதைத் தலைவிதி மாதிரி ஏற்றுக்கொண்டோம்.

"ஒருவரும் கேட்கவில்லையா?" என்று வம்புயி கேட்டாள்.

"கேட்கலாம் எண்டே எங்களுக்குத் தெரியாது."

அவள் தலையாட்டினாள். "எங்களுக்குத் தெரியும். ஆனால் கேட்பவளின் ஒப்பந்தமும் முடிந்துவிடும். என்னுடையது நான் திரும்பிப் போகிற கிழமை முடிகிறது."

அதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கீரை போட்டுக்கொண்டாள்.

5

ஞாயிறு அபிராமி வந்தாள். நாங்கள் என்ன பேசப்போகிறோம் என்று கேட்டாள். மேர்சியின் கதையைச் சொல்லப்போகிறோம் என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"அம்மா, பாவம் எண்டு காட்டினா அவங்க சாரிட்டிக்கு டொனேஷன் குடுப்பாங்க. கொன்ராக்ட் மாறாது."

"அப்ப சொல்லக்கூடாதோ?"

"சொல்லுங்கோ. ஆனா அதோட நிக்காதீங்கோ. தோட்டம் எல்லா ரூல்சும் பாக்குது எண்டு சேர்ட்டிபிக்கட்டை எடுத்துக் காட்டுவாங்க. நாங்களும் அதைத்தான் காட்டுறனாங்க."

அந்த 'நாங்கள்' எனக்குச் சுட்டது. "நீ ஆருடைய பக்கம் பிள்ளை?"

என் மகளுக்குக் கோபம் வந்தால் முகம் மாறாது, மொழி மாறும். ஆங்கிலத்தில் அமைதியாகச் சொன்னாள்: "நான் இந்த மேசையில்தானே இருக்கிறேன், அம்மா."

இவர் எழும்பிப்போய்த் தேத்தண்ணிக்குக் கேத்திலைப் போட்டார். வம்புயிக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் தாய் மகள் சண்டை விளங்கியது. அவள் அபிராமியைப் பார்த்து, "நீ எப்படி வாங்குகிறாய் என்று எனக்குச் சொல்லு," என்றாள்.

அபிராமி சொல்லத் தொடங்கினாள். தோட்டத்துக்கு ஒரு பருவத்துக்கு இவ்வளவு என்று உத்தேசமாகச் சொல்லுவார்களாம். ஆனால் உறுதியான ஓர்டர் கடைசி நாட்களில்தான் போகும். காலநிலை, விற்பனை எதைப் பார்த்தாவது குறைப்பார்கள், கூட்டுவார்கள். குறைந்தால் நட்டம் தோட்டத்துக்கு. வம்புயி இடையில் மறித்தாள். அதனால்தான் முதலாளி ஆட்களைக் குறுகிய காலத்துக்கு எடுக்கிறார், கூட்டும்போது ஞாயிறும் வேலை, குறைக்கும்போது வீடு என்றாள். ஒருத்தி வாங்குகிற முனையையும் மற்றவள் வெட்டுகிற முனையையும் சொல்லச் சொல்ல, நடுவில் கட்டுகிற நான் இரண்டு பேரின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பிள்ளையின் வேலை என்ன என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

"சம்பளத்தைக் கூட்டச் சொல்லிக் கேட்டா தோட்டத்தைக் கேளுங்கோ எண்டுவாங்க," என்றாள் அபிராமி. "ஓர்டரைப் பருவம் முழுக்க உறுதியாத் தரச் சொல்லிக் கேளுங்கோ. அது அவங்கட கையில இருக்கு. அதை வச்சுத் தோட்டத்திட்ட நிரந்தர வேலை கேக்கலாம்."

அன்று அவள் கடைசி ட்ராம் வரைக்கும் இருந்தாள்.

6

சூப்பர்மார்க்கெட்டின் தலைமை அலுவலகம் ஒரு கண்ணாடிக் கட்டடம். வாசலில் எங்கள் படத்தை எடுத்துக் கழுத்தில் அட்டை மாட்டிவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் பூக் கொள்முதல் பார்க்கும் ஓர் இளம் மனிதரும், தொழிலாளர் நலன்களுக்குப் பொறுப்பான ஒரு பெண்ணும். இந்தப் பக்கம் வம்புயி, எங்கள் சங்க அமைப்பாளர், நான். நான் வம்புயியை வீட்டில் தங்கவைத்தவள் என்ற முறையில்தான் போனேன். பேசுவதாக இல்லை.

வம்புயி நிதானமாகப் பேசினாள். மேர்சியின் பெயரைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் தணிந்தது. நலன்களுக்குப் பொறுப்பான அந்தப் பெண் மெய்யாகவே கலங்கினார். பிறகு, அபிராமி சொன்னபடியே, சேர்ட்டிபிக்கட் திரையில் வந்தது.

"ஒப்பந்தங்களை நாங்கள் எழுதுவதில்லை," என்றார் அந்த இளைஞர். மரியாதையாகத்தான் சொன்னார். "அது தோட்டத்தின் தீர்மானம்."

"ஓம்," என்றாள் வம்புயி. "உங்கள் ஓர்டர் வந்த பிறகு எடுக்கிற தீர்மானம்."

இளைஞர் திரையில் இருந்த சேர்ட்டிபிக்கட்டைத் திரும்பிப் பார்த்தார். அந்த இடைவெளியில் நான் வாயைத் திறந்துவிட்டேன். 'உங்கள் பூவை இத்தனை வருடமாக நான்தான் பொதி செய்கிறேன்' என்று சொல்ல வந்தேன். என் ஆங்கிலத்தில் அது, 'உங்களை இத்தனை வருடமாக நான்தான் பொதி செய்கிறேன்' என்று வந்துவிட்டது.

அந்தப் பெண் சிரித்தார். இளைஞரும் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு மேலே சொன்னேன். சிரித்த பிறகு பயம் போய்விட்டது.

"வியாழக்கிழமை நீங்கள் ஓர்டரைக் குறைக்கிறீர்கள். வெள்ளிக்கிழமை எங்கள் இடத்தில் ஏஜென்சிப் பிள்ளைகளுக்கு ஷிப்ட் இல்லை. அதே கிழமை நைவாஷாவில் இவர்களுக்கு ஒப்பந்தம் இல்லை. உங்களுக்கு அது கொம்பியூட்டரில் ஓர் இலக்கம். நாங்கள் உதவி கேட்டு வரவில்லை. பருவம் முழுவதற்கும் உறுதியான ஓர்டர் தாருங்கள். மிச்சத்தை இவர்கள் தங்கள் முதலாளியோடும் தங்கள் அரசாங்கத்தோடும் கதைத்துக்கொள்வார்கள்."

அந்த இளைஞர் பேனையை எடுத்தார். பொதி செய்யும் இடத்திலும் அதே நாளில் ஆட்களை நிறுத்துகிறார்கள் என்பது தனக்குத் தெரியாது என்றார். பொய் சொன்னதாக எனக்குப் படவில்லை. யோசிப்பதாகச் சொன்னார்கள். வாக்கு எதுவும் தரவில்லை.

வெளியில் வந்ததும் வம்புயி கழுத்து அட்டையைத் திருப்பிக் கொடுக்க மறந்து, பஸ்ஸில் ஏறிய பிறகுதான் கண்டாள். ஊருக்குக் கொண்டுபோய்க் காட்டப்போகிறேன் என்று பைக்குள் வைத்துக்கொண்டாள்.

7

அவள் ஊருக்குத் திரும்பிய கிழமையே ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கவில்லை.

அந்த மாதங்கள் கஷ்டமானவை. வம்புயி தெருவோரத்தில் மரக்கறி வைத்து விற்றாள். வீடியோவில் வரும்போது சிரித்தபடிதான் வருவாள். நான் போனை வைத்துவிட்டுச் சமையலறையில் சும்மா நிற்பேன். எங்கள் சங்கம் சூப்பர்மார்க்கெட்டிடம் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டது: உங்கள் மேசைக்கு வந்து பேசிய பெண் இப்போது ஏன் வேலையில் இல்லை? அந்த நலன் பொறுப்பாளர் இதற்காகத் தானே நைரோபிக்குப் போனார் என்று பிறகு அறிந்தோம். அன்னையர் தினப் பூ வெட்டத் தொடங்குமுன் வம்புயி திரும்ப வேலைக்கு எடுக்கப்பட்டாள்.

அதன் பிறகு அலுவல் ஓடத் தொடங்கியது. தோட்ட முதலாளிக்கும் ஓர்டர் விஷயத்தில் எங்களைப் போலவே கோபம் இருந்திருக்கிறது, கேட்க ஆள்தான் இருக்கவில்லை. கென்யாவின் தொழில் அமைச்சிலிருந்து ஓர் அதிகாரி, காப்புறுதி முறைகள் தெரிந்த ஒரு நிபுணர் ஜெனீவாவிலிருந்து, இரண்டு நாட்டுச் சங்கங்கள், சூப்பர்மார்க்கெட், தோட்டம் எல்லாம் ஒரு மேசைக்கு வந்தன. பத்திரிகைகளில் இதற்குச் சர்வதேச ஒத்துழைப்பு என்று பெரிய பெயர் வைப்பார்கள். கிட்ட நின்று பார்த்தால், ஆளாளுக்கு மற்றவன் முதலில் செய்யட்டும் என்று நின்றவர்கள் ஒரே நாளில் செய்யச் சம்மதித்ததுதான் அது.

சூப்பர்மார்க்கெட் பருவத்துக்கு ஓர்டர் தரும். ஒரு பருவம் வேலை செய்த பெண்களைத் தோட்டம் நிரந்தரமாக்கும். நிரந்தரமானவர்களின் பெயர் மருத்துவக் காப்புறுதியிலும் ஓய்வூதியத்திலும் ஏறும். பிரசவ லீவு முடிந்தால் அதே மேசைக்குத் திரும்பி வரலாம். மேர்சியையும் எடுத்தார்கள்.

பக்கத்துத் தோட்டங்களில் ஒன்றும் மாறவில்லை. அவை வேறு கடைகளுக்கு விற்கின்றன. ஏரியைச் சுற்றி இன்னும் எத்தனையோ பெண்கள் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள். வம்புயி லீவு நாட்களில் அந்த வாசல்களில் போய் நிற்கிறாள். ஒன்றில் நடந்தது மற்றதிலும் நடக்கும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. எனக்கும் இல்லை.

8

இந்த வருடம் எங்கள் தொழிற்சாலை கைமாறியது. புது நிர்வாகம் வந்ததும், இனி எல்லாருக்கும் அன்றன்றைக்குத்தான் ஷிப்ட் அறிவிக்கப்படும் என்றார்கள். நிரந்தர ஊழியர்களுக்கும் அப்படித்தான். எவ்வளவு பூ வரும் என்று முன்கூட்டித் தெரியாதாம்.

நான் வம்புயிக்குச் சொன்னேன், புலம்புவதற்காகத்தான். அவள் என்னைப் புலம்ப விடவில்லை.

"கூட்டம் எப்போது?" என்றாள். "நானும் வருகிறேன்."

அபிராமி அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டு மடிக்கணினியோடு வந்து எல்லாம் பொருத்தித் தந்தாள். "அம்மா, மனேஜர் முதல்ல கதைக்கட்டும். நீங்க அவசரப்படாதீங்கோ," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு வெளியில் போய் இருந்தாள். மனேஜர் வந்து உட்கார்ந்தார். மேசையின் ஒரு பக்கத்தில் நானும் என்னோடு வேலை செய்கிற இரண்டு பேரும். நடுவில் திரையில் வம்புயி, தோட்டத்து மேலங்கியோடு.

மனேஜர் தன் நியாயத்தைச் சொன்னார். பூ வருவது நிச்சயமில்லை, ஆட்களை எப்படி நிச்சயமாக வைத்திருப்பது? வம்புயி பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுத் தன்னை அறிமுகப்படுத்தினாள்.

"நீங்கள் கட்டுகிற ரோசாவை வெட்டுகிறவள் நான். எங்கள் தோட்டத்துக்கு அந்தச் சூப்பர்மார்க்கெட் இப்போது பருவம் முழுவதற்கும் ஓர்டர் தருகிறது. எந்தக் கிழமை எவ்வளவு வெட்டவேண்டும் என்று எங்களுக்குத் தெரியும். அதெல்லாம் உங்களிடம்தான் வருகிறது. எங்களுக்குத் தெரிந்தது உங்களுக்கு எப்படித் தெரியாமல் போகும்?"

மனேஜர் திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் வேண்டும் என்று எழும்பி வெளியில் போனார். கதவு சாத்திக்கொண்டது.

என் பக்கத்தில் இருந்தவள் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பப் பார்த்தாள். நான் அவள் முழங்காலில் கையை வைத்தேன்.

"போய்விட்டாரா?" என்று வம்புயி கேட்டாள்.

"ஓம், போயிட்டார்."

"பயப்படாதே. எங்கள் முதலாளியும் இப்படித்தான் எழும்பிப் போனவர்."

அவளுடைய பக்கத்தில் யாரோ கூப்பிட்டார்கள். பொறு, வருகிறேன் என்று தன் மொழியில் சொல்லிவிட்டு, அவள் கதிரையை இழுத்து இன்னும் கிட்டே வந்து உட்கார்ந்தாள். நாங்களும் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. மனேஜர் வந்து, கதிரையை மேசையோடு ஒட்டப் போட்டு உட்கார்ந்து, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் உறுதியாக வேண்டும் என்று கேட்டார்.